சத்தம் பார்க்க நாலு வார்த்தை

பேட்டி எடுப்பவர் என்றொரு மனித இனம் இருக்கிறது. பத்திரிகைக்காரர்களைச் சொல்லவில்லை, அவர்களுக்கு அது பிழைப்பு, மன்னித்துவிடலாம். நான் சொல்வது, பிழைப்புக்கு வேறொரு வேலையை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆனதும் ஒரு முக்காலியையும் இரண்டு விளக்குகளையும் ஒரு மூட்டை ஒயரையும் தோளில் மாட்டிக்கொண்டு, யார் வீட்டுக்குள்ளாவது புகுந்து, அங்கே நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரை எழுப்பி வேறொரு நாற்காலியில் உட்கார வைத்து, "இயல்பா இருங்க" என்று சொல்கிறவரை. பார்த்திருப்பீர்கள். ஒருவேளை உங்களையே உட்கார வைத்திருப்பார். கண்ணில் வெளிச்சம் அடிக்க, சட்டைக் காலரில் கறுப்பு வண்டு மாதிரி ஒரு மைக் தொற்றிக்கொண்டிருக்க, நெற்றி வேர்வையைத் துடைக்கக் கூடாது என்ற உத்தரவும் போட்டுவிட்டால், எப்படி ஐயா இயல்பாக இருப்பது?

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னலைப் பார்ப்பார். பிறகு பிளக் பாயின்ட்டைப் பார்ப்பார். அப்புறம் சுவரின் நிறத்தைப் பார்த்து முகம் சுளிப்பார். மனிதர்கள் கடைசி. கேள்வி கேட்டு முடித்ததும் தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, உதட்டை மடித்து, உலகத்தில் தன்னைப் போலக் காது கொடுத்துக் கேட்கிறவன் இன்னும் பிறக்கவில்லை என்பது போல ஒரு முகத்தை வைத்துக்கொள்வார். அந்த முகத்தை நம்பி மனம் திறந்தவர்கள் பலர். அதற்குப் பின்னால் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அடுத்த கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தங்கையை அப்படி ஒருவருக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

மாப்பிள்ளை நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் கிடைக்காது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பார். வந்தவர் வாயைத் திறப்பதற்குள், "இதுதான் தெளிவு" என்று தானே முடிவுசெய்து எழுதிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் வினை. கேட்காமலே சரியாகச் சொல்லிப் பழகியவருக்குக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

ஒரு நாள் கண்ணாடி மாற்ற வந்த ஒருவர், தான் முப்பது வருடம் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்ததாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "இப்படி எத்தனை பேர் நம்ம ஊர்ல சத்தமில்லாம இருக்காங்க! அவங்க கதையை யாராவது பதிவு பண்ணினாங்களா?" என்று எங்களிடம் கேட்டார். நாங்கள் பதில் சொல்வதற்குள் கேமரா வாங்கப் போய்விட்டார். கேமரா, முக்காலி, விளக்கு, மைக் எல்லாம் வந்து சேர்வதற்குள் கலங்கரை விளக்கக்காரர் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு மகள் ஊருக்குப் போய்விட்டார். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தத் தொடரில் தப்பித்த ஒரே ஆள் அவர்தான்.

தொடருக்குப் பெயர் 'பேசாத குரல்கள்'. குழுவில் மூன்று பேர். இயக்கம், ஒளிப்பதிவு, கேள்விகள் மாப்பிள்ளை. ஒலிப்பதிவு நான். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு ஒலிப்பதிவு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதில் பச்சையாக ஒரு கோடு ஏறி இறங்கும். அது சிவப்பைத் தொட்டுவிடாமல் திருகைத் திருக வேண்டும். அவ்வளவுதான். மற்ற வேலை என்னென்ன உண்டோ அத்தனையும் தங்கை. ஆளைப் பிடிப்பது, வீட்டுக்காரர்களைச் சமாதானப்படுத்துவது, வெள்ளை அட்டையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்புவது, சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவது, உடைந்ததற்கு மன்னிப்புக் கேட்பது. அவளுக்கு வாரம் ஆறு நாள் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஏழாவது நாள் இது.

முதல் பேட்டி லிஃப்ட் மெக்கானிக் ஒருவருடையது. அவருடைய வீட்டு முன்னறையில் போய் இறங்கினோம். இறங்கிய பத்தாவது நிமிடத்தில் அது அவர் வீடாக இல்லை. சோபாவைத் தூக்கி வாசலில் போட்டார் மாப்பிள்ளை. காலண்டரைக் கழற்றினார். குடும்பப் படத்தில் கண்ணாடி பளபளக்கிறது என்று அதைத் திருப்பி மாட்டினார். ஃபேன் சத்தம் விழுகிறது என்று ஃபேனை நிறுத்தினார். சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்று அதையும் பிடுங்கினார். மெக்கானிக்கின் மனைவியைப் பின்வாசல் படியில் உட்காரச் சொன்னார். வளையல் சத்தம் கேட்கிறதாம்.

"இயல்பா இருங்க" என்றார் மெக்கானிக்கைப் பார்த்து.

அந்த மனிதரும் பாவம், வேர்வை வழிய வழிய, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஒரு பழைய கட்டடத்தில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தனியாக மாட்டிக்கொண்ட கதை. இவர் மேலேயிருந்து கம்பியைப் பிடித்து இறங்கிக் கூண்டின் தலையில் நின்றுகொண்டு, ஒரு விரல் அகலச் சந்து வழியாக அவளோடு மூன்று மணி நேரம் பேசிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார்.

"திடீர்னு அந்தப் பொண்ணு பேசறதை நிறுத்திடுச்சு சார். கூப்பிட்டுப் பாக்கறேன், சத்தமே இல்ல. அப்ப நான் என்ன பண்ணினேன்னா..."

"கட்!" என்றார் மாப்பிள்ளை. "மாடி வீட்டுல யாரோ நாற்காலியை இழுக்கறாங்க. மறுபடியும் சொல்லுங்க. 'அப்ப'லேருந்து. அதே உணர்ச்சியோட."

மெக்கானிக் விழித்தார். "எது வரைக்கும் சொன்னேன்?"

யாருக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளை மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை என்று மாப்பிள்ளை அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"அந்த இருட்டுல தனியா நிக்கும்போது, வாழ்க்கையும் ஒரு லிஃப்ட் மாதிரிதான், ஏறுது, இறங்குது, நடுவுல நிக்குதுன்னு உங்களுக்குத் தோணியிருக்குமே?"

"தோணலைங்க."

"மனசுக்குள்ள தோணியிருக்கும்."

"கிரீஸ் வாசனைதாங்க வரும்."

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று? குழந்தை பிறந்ததா? எங்கே பிறந்தது? இதைப் படிக்கிற உங்களுக்கே கேட்கத் தோன்றுகிறது. எதிரில் உட்கார்ந்திருந்தவருக்குத் தோன்றவில்லை. படம் இணையத்தில் வெளிவந்தபோது, கிரீஸ் வாசனையை வெட்டிவிட்டு, லிஃப்ட் தத்துவத்தைத் தன் குரலிலேயே பேசிச் சேர்த்திருந்தார். பின்னணியில் புல்லாங்குழல்.

பிடுங்கிய ஃப்ரிட்ஜைத் திரும்பச் செருக மறந்துவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் மெக்கானிக்கின் மனைவி தங்கைக்குப் போன் செய்தார். என்ன பேசினார் என்று தங்கை சொல்லவில்லை. பால், மீன், தயிர் என்று ஒரு பையை நிரப்பிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மாப்பிள்ளை தன் நீல நோட்டைத் திறந்தார். ஒவ்வொரு படப்பிடிப்புக்குப் பிறகும் தான் கற்ற பாடங்களை அதில் எழுதிக்கொள்வார். 'ஃப்ரிட்ஜை நிறுத்தினால் ஸ்கூட்டர் சாவியை அதற்குள் வை. கிளம்பும்போது தானாக ஞாபகம் வரும்.' இந்த இனத்தின் தனிச்சிறப்பு இதுதான்: பாடம் கற்றுக்கொண்டே இருக்கும். விளக்கைப் பற்றி, பேட்டரியைப் பற்றி, ஒயரைப் பற்றி. ஆளைப் பற்றி ஒரு வரி அந்த நோட்டில் நான் பார்த்ததில்லை. அடுத்த பேட்டி முடிந்து நாங்கள் ஸ்கூட்டர் சாவியைத் தெருவெல்லாம் தேடினோம் என்பது தனிக்கதை.

நாலாவது பேட்டிதான் கொஞ்சம் சறுக்கியது. ரயில் நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைச் சேர்த்து வைக்கும் அறை ஒன்று உண்டு. அதற்குப் பொறுப்பான அம்மாள், வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு ரகம். முதலில் அவரை நடக்க வைத்தார் மாப்பிள்ளை. கதவிலிருந்து அலமாரி வரை.

"சும்மா ஏதோ யோசிச்சுக்கிட்டே நடந்து வாங்க."

"என்ன யோசிக்கணும்?"

"எதையாவது. கேமராவைப் பாக்காதீங்க."

ஏழு தடவை நடந்தார். ஏழாவது தடவை நின்று, "இப்ப என்ன யோசிக்கிறேன்னு சொன்னா வருத்தப்படுவீங்க" என்றார்.

பிறகு பேச ஆரம்பித்தார். குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பாட்டுப் பெட்டி, யாரோ யாருக்கோ எழுதிப் போடாமல் விட்ட கடிதக் கட்டு. "ஒரு செயற்கைக் கால் இருக்கு சார். அதை மறந்துட்டு எப்படி இறங்கி நடந்து போனாங்கன்னு பதினோரு வருஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வெள்ளை அட்டையைப் பிடித்திருந்த தங்கையும் சிரித்தாள். அட்டை ஆடி, வெளிச்சமும் ஆடியது.

"நல்லா இருக்கு. இதையே கொஞ்சம் கண்ணு கலங்கச் சொல்ல முடியுமா?" என்றார் மாப்பிள்ளை.

"எதுக்கு?"

"மறதி, இழப்பு... இது அந்த மாதிரி பாகம். சிரிச்சா ஒட்டாது."

அந்த அம்மாள் காலர் மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சார், நான் சொல்றதைக் கேக்க வந்தீங்களா, இல்ல நீங்க நினைக்கறதை என் வாயால கேக்க வந்தீங்களா?"

மாப்பிள்ளைக்கு இது கேட்டதா என்றால், என் ஹெட்போனில் நன்றாகவே கேட்டது. மைக்கைக் கழற்றினாரே தவிர அது ஓடிக்கொண்டுதானே இருந்தது. மாப்பிள்ளை அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அவர் எழுந்துபோன காலி நாற்காலியைப் பார்த்து இருபது நிமிடம் தலையாட்டினார். நடுவில் வெட்டிச் சேர்க்க அப்படித் தலையாட்டும் காட்சிகள் வேண்டுமாம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாற்காலி சொன்னதை அவ்வளவு உருக்கமாக வேறு யாரும் கேட்டிருக்க முடியாது.

இனி, சத்தம் பார்க்கும் சடங்கைச் சொல்ல வேண்டும். பேட்டி கொடுப்பவரை முன்கூட்டிப் பேச வைத்தால் களைத்துவிடுவார் என்பது மாப்பிள்ளையின் நோட்டில் உள்ள மூன்றாவது பாடம். அதனால் அவருடைய நாற்காலியில் முதலில் தங்கையை உட்கார வைப்பார். விளக்கைத் திருப்புவார், முகத்தில் நிழல் விழுகிறதா என்று பார்ப்பார், மைக்கை மாட்டிவிடுவார்.

"நாலு வார்த்தை பேசு. சத்தம் பாக்கணும்."

முதல் வாரம் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள்.

"எண்ணாதே. மனுஷங்க எண்ணிக்கிட்டா பேசறாங்க? இயல்பா ஏதாவது பேசு."

அதிலிருந்து ஏதாவது பேசுவாள். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, அவர் விளக்கோடு மல்லுக்கட்டி முடிக்கும் வரை பேசிக்கொண்டே இருப்பாள். வீட்டுக் குழாய் ஒழுகுவதிலிருந்து ஆரம்பித்து எங்கெங்கோ போகும். அவர் நடுநடுவே "ம்... ம்... அப்படியே பேசு" என்பார். நான் திருகைத் திருகுவேன்.

ஒன்பது பாகங்கள் வெளிவந்தன. பார்த்தவர்கள் மொத்தம் நூறைத் தாண்டவில்லை. ஆனால் நம் ஊரில் ஒருவரை நிபுணராக்க எத்தனை பேர் வேண்டும்? நூலகர் ஒருவர் போதும். அவர் மாப்பிள்ளை கடையில் கண்ணாடி வாங்குகிறவர். 'பேட்டிப் படம் எடுப்பதில் நான் கற்ற பாடங்கள்' என்ற தலைப்பில் சனிக்கிழமை மாலை நூலகக் கூடத்தில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளை நீல நோட்டிலிருந்து இருபத்திரண்டு பாடங்களைப் பொறுக்கி எடுத்தார்.

"மச்சான், ஒலியைப் பத்திச் சொல்றப்ப ரெண்டு துண்டு போட்டுக் காட்டணும். ஃபேன் ஓடும்போது எடுத்தது ஒண்ணு, நிறுத்திட்டு எடுத்தது ஒண்ணு. ரெண்டாவது சுத்தமா இருக்கணும், பாத்து எடுங்க" என்றார்.

பார்த்துத்தான் எடுத்தேன். கம்ப்யூட்டரில் வரிசையாக ஓடும் கோடுகளில் எது மேலே போகாமல், கீழே விழாமல், ஒரே சீராக, அழகாக இருக்கிறதோ அதில் ஒரு நிமிடத்தை வெட்டி வைத்தேன். ஓவிய வாத்தியார் அல்லவா? கோடு நன்றாக இருந்தால் போதாதா?

கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். மறந்த பொருள் அறை அம்மாளும் வந்திருந்தார். தன் பாகத்தைப் பார்த்துவிட்டு நேரில் நாலு கேள்வி கேட்க வந்ததாகப் பிறகு சொன்னார். தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். கையில் வேலை இடத்து மருந்து வாசனை போகவில்லை போலும், முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓரத்தில் கம்ப்யூட்டரோடு.

மாப்பிள்ளை காலர் மைக்கை மாட்டிக்கொண்டு வெளுத்து வாங்கினார். ஃப்ரிட்ஜில் சாவி வைக்கும் பாடத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். மூன்று பேர் குறிப்பெடுத்தார்கள். "பேட்டி எடுக்கிறவனுக்கு வாய் முக்கியமில்ல, காதுதான் முக்கியம்" என்றார் ஓரிடத்தில். கைதட்டல். அப்புறம் பதினான்காவது பாடம், ஒலி.

முதல் துண்டைப் போட்டேன். ஃபேனின் கடகடப்பில் ஒருவர் ஏதோ முணுமுணுத்தார். சிரிப்பு.

"இப்ப இதைக் கேளுங்க. ஏழாவது பாகத்துக்கு எடுத்தது. ஃபேன், ஃப்ரிட்ஜ், கடிகாரம் எல்லாம் நிறுத்தியாச்சு. உன்னிப்பா கேளுங்க" என்று விரலை உயர்த்தினார்.

இரண்டாவது துண்டைப் போட்டேன். கூடம் முழுக்க, காதோடு பேசுவது போல, என் தங்கையின் குரல்.

"...என்ன பேசறது. சரி, மறுபடியும் அதையே சொல்றேன். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலேருந்து கடிதம் வந்திருக்குங்க. லேபுக்குத் தலைமையா வரச் சொல்லி. இதோட மூணாவது ஞாயித்துக்கிழமை சொல்றேன். ரயில்ல அஞ்சு மணி நேரம் ஆகும். நாம ரெண்டு பேரும் போகலாம், இல்லன்னா நான் மட்டும் போய் இருக்கணும். எனக்குப் போகணும்னு ஆசையா இருக்கு. ராத்திரி பகலா அதான் நினைப்பு. நீங்க வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. போன்னா போன்னு சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

அதன் மேலேயே மாப்பிள்ளையின் குரல், சற்றுத் தள்ளியிருந்து: "பிரமாதம்! அப்படியே இரு, அசையாதே. மச்சான், சத்தம் எப்படி?"

பிறகு இன்னொரு குரல். கட்டைக் குரல். யாருடையது என்று எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை. "அருமையா இருக்கு மாப்பிள்ளை. ஒரு இடத்துலகூடச் சிவப்புக்குப் போகல."

துண்டு முடிந்தது.

"கவனிச்சீங்களா?" என்றார் மாப்பிள்ளை, முகமெல்லாம் மலர. "பின்னால துளி சத்தம் இல்ல!"

உண்மைதான். அந்த நேரத்தில் கூடத்திலும் துளி சத்தம் இல்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும், இது ஏதோ புது உத்தி என்று நினைத்துக்கொண்டு, மெல்லக் கைதட்டினார். யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திக்கொண்டார்.

மறந்த பொருள் அறை அம்மாள் எழுந்து நின்றார்.

"அப்புறம் அவங்க என்ன முடிவு பண்ணினாங்க?"

"எவங்க?" என்றார் மாப்பிள்ளை.

அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை நேருக்கு நேர் அவள் சொன்னதை, நான்காவது தடவை முப்பது பேரோடு சேர்ந்து ஒலிபெருக்கியில் கேட்ட பிறகும், அவர் காதில் விழுந்தது ஃபேன் இல்லாத நிசப்தம் மட்டுமே.

தங்கை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். சத்தம் போடவில்லை. "அந்த வெள்ளிக்கிழமை போன மாசமே போயிடுச்சும்மா. வியாழக்கிழமை வரைக்கும் பாத்தேன். ஒண்ணும் பதில் வரல. சரின்னு எழுதிக் குடுத்துட்டேன். வர்ற ஒண்ணாந் தேதி சேரணும்."

முப்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பின, பிறகு அவர் பக்கம் திரும்பின. காலர் மைக் ஓடிக்கொண்டிருந்ததால் மாப்பிள்ளை எச்சில் விழுங்கும் சத்தம் நாலு மூலையிலும் கேட்டது.

எனக்கு உள்ளூர ஒரு திருப்தி, மறைப்பானேன்? வேண்டும் இவருக்கு என்று நினைத்தேன். என் தங்கையை ஒரு பொருட்டாகவே மதிக்காத மனிதர்! அப்போது அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, ஹெட்போன் உன் காதுலதானே இருந்துச்சு?"

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், அவள் மூச்சு விடுவது உட்பட ஒவ்வொரு சத்தமும் என் இரண்டு காதுகளுக்குள் நேராக வந்து விழுந்திருக்கிறது. அவரையாவது விளக்கு, திரை, நிழல் என்று நூறு வேலை இழுத்தது. எனக்கு இருந்தது ஒரே வேலை. கேட்பது.

தேநீர் இடைவேளை என்று நூலகர் அறிவித்தார். மீதி எட்டுப் பாடங்கள் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். மாப்பிள்ளை பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டார்: "ஏன் என்கிட்ட ஒழுங்கா சொல்லல?"

"ஒழுங்கான்னா எப்படிங்க?" என்றாள். "நேரா உக்காந்து, உங்களைப் பாத்து, மூஞ்சில வெளிச்சம் போட்டு, கழுத்துல மைக்கு மாட்டிக்கிட்டுச் சொன்னேன். இதைவிட ஒழுங்கா எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அவர் பையை இறக்கினார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தலையைச் சாய்க்கவில்லை, புருவத்தைச் சுருக்கவில்லை. முகம் என்னவோ அழுவதற்கு முந்தைய குழந்தை முகம் மாதிரி இருந்தது.

"போகணும்னு உனக்கு அவ்வளவு ஆசையா?" என்றார். கேட்டுவிட்டு, ஆச்சரியம், சும்மா இருந்தார்.

அவள் பேசினாள். ஒரு மணி நேரம் இருக்கும். பத்தொன்பது வருடமாக ஒரே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ஊர் ரத்தத்தையெல்லாம் பார்த்ததைச் சொன்னாள். ஒரு முறை ஒரு குழந்தையின் பரிசோதனைச் சீட்டில் டாக்டர் கவனிக்காமல் விட்ட ஓர் அளவை இவள் ஓடிப்போய்க் காட்டியதையும், அந்தக் குழந்தை பிழைத்ததையும், அதற்கான பாராட்டு டாக்டரோடு நின்றுபோனதையும் சொன்னாள். அந்தக் குழந்தை இப்போது கல்லூரிக்குப் போகிறதாம். தனியாக வீடெடுத்துத் தங்கப் பயமாக இருக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அது பயம் மட்டும் இல்லை, சந்தோஷமும்தான் என்றாள். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவருக்கு இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. கூடப் பிறந்த எனக்கும்தான்.

முடித்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனிதர் திருந்திவிட்டார் என்று நானும் துடைத்துக்கொண்டேன். அப்போது தழுதழுத்த குரலில் சொன்னார்:

"நீ இவ்வளவு நல்லா பேசுவேன்னு தெரிஞ்சிருந்தா, முதல் பாகத்தையே உன்னை வச்சு எடுத்திருப்பேனே!"

தங்கை எழுந்தாள். "பரண்மேல பெரிய பெட்டி இருக்கு. ஏணியைப் புடிங்க, எடுக்கணும்" என்றாள். பிடித்தார்.

ஒண்ணாந் தேதி போய்ச் சேர்ந்தாள். இப்போது அவளுக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். தொடர் ஒன்பதாவது பாகத்தோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு ஐந்து மணி நேர ரயிலில் அவளைப் பார்க்கப் போகிறார். எப்படி இருக்கிறார் என்று தங்கையிடம் போனில் கேட்டேன்.

"கேக்கிறாரு அண்ணா. போன வாரம் முழுசா அரை மணி நேரம் கேட்டாரு. நடுவுல ரெண்டே தடவைதான் எனக்குப் பதிலா அவரே பேசினாரு."

"அதே பெரிய விஷயம்" என்று ஆரம்பித்து, மாப்பிள்ளையின் குணம் இப்படி இருப்பதற்குக் காரணங்கள் என்னென்ன என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். கால் மணி நேரம் சொல்லியிருப்பேன். கடைசியில், "ம், சத்தம் நல்லா கேக்குது அண்ணா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எதற்காகப் போன் செய்திருந்தாள் என்று அப்புறம்தான் யோசித்தேன். அன்று போன் செய்தது அவள்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. உங்களிடம் கேமரா கிடையாது, முக்காலி கிடையாது, யார் வீட்டு ஃப்ரிட்ஜையும் நீங்கள் பிடுங்கியதில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்த பிறகு, யாரோ ஒருவர் அந்தக் கதவோரம் வந்து நின்று உங்களிடம் ஏதோ சொன்னார். நீங்கள் தலையை நிமிர்த்தாமல், "சரி, சரி, அப்படியே செய்யலாம்" என்றீர்கள்.

எதற்கு ஐயா சரி சொன்னீர்கள்?